அக்காவின் விரலுக்கு ஒரு பட்டன்

"சார், பத்து நாளா எழுதக் காணோமே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் மாணவனாக இருந்தேன், அதுதான் காரணம்.

தென்காசிப் பக்கம் என் அக்கா தனியாக இருக்கிறாள். வயது 76. அப்பா போன பிறகு பீடி சுற்றி என்னை ஆசிரியர் பயிற்சி படிக்க வைத்தவள். போன மாதம் ஒரு ராத்திரி முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பில் செருகிய போன் இருந்தும் விடியும்வரை யாரையும் கூப்பிட முடியவில்லை. காலையில் பால்காரர் பார்த்துத்தான் எனக்குத் தகவல் வந்தது. நல்லவேளை, எலும்பு முறிவு இல்லை.

"கையில போன் இருந்துச்சுல்லா, ஏன் கூப்பிடலை?" என்று கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"நான் தொட்டா அது கேக்க மாட்டேங்குலே" என்றாள்.

நம்பாமல் அவள் விரலைப் பிடித்துத் திரையில் வைத்துப் பார்த்தேன். பல தடவை தொட்டால் ஒரு தடவைதான் வேலை செய்தது. தொடுதிரை நாம் அழுத்துவதைப் பார்ப்பதில்லை. விரல் பட்டதும் ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றத்தைத்தான் உணர்கிறது. காய்ந்து தடித்த தோல் என்றால் அது சரியாகத் தெரியாது. இத்தனை வருஷம் இலையும் தூளும் பிடித்த விரல் அது. அவளாக என்னைக் கூப்பிடுவதே இல்லை என்று எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது. அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

பட்டன் போன் வாங்கிக் கொடுக்கலாமே என்பீர்கள். அதில் கோவையில் இருக்கும் பேத்தியின் முகம் தெரியாதே!

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவனைக் கேட்டேன். "சார், அந்தப் போன்லயும் பட்டன் இருக்கே, வால்யூம் பட்டன்! அதையே வேற வேலைக்கு மாத்திரலாம்" என்றான். அக்காவிடம் இருப்பது நான் கொடுத்த பழைய ஆண்ட்ராய்டு போன். அதில் 'கீ மேப்பர்' என்ற இலவச ஆப்பைப் போடச் சொன்னான். ஒலி குறைக்கும் பட்டனை நீளமாக அழுத்தினால் என் நம்பருக்குப் போகும்படி வைத்தோம். சும்மா ஒரு தட்டு தட்டினால் வழக்கம்போல ஒலிதான் குறையும்.

இதற்கு 'அணுகல்தன்மை' என்ற அனுமதியைக் கொடுக்க வேண்டும். அது பெரிய அனுமதி. அதை வாங்கிய ஆப் திரையில் இருப்பதையே படிக்க முடியும். முன்பின் தெரியாதவர் போனில் சொன்னார் என்று எந்த ஆப்புக்கும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். பணம் பறிப்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

மறுநாள் காலையில் அழுத்திப் பார்த்தால் அசையவே இல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே அந்த ஆப்பைத் தூங்க வைத்திருந்தது. பேட்டரி அமைப்பில் போய் இதற்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கினோம். இன்னொரு குறையும் உண்டு. திரை அணைந்திருந்தால் வால்யூம் பட்டன் இந்த வேலையைச் செய்யாது. முதலில் பவர் பட்டனைத் தட்டி, பிறகு இதை அழுத்த வேண்டும். அதனால் திரைப் பூட்டையும் எடுத்துவிட்டேன். அந்தப் போனில் வங்கி, பணம் எதுவும் கிடையாது.

கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை செய்யச் சொன்னேன். "எனக்கே வாத்தியாரா?" என்று சிரித்துக்கொண்டே செய்தாள்.

ஊருக்குத் திரும்பிய அன்று ராத்திரி 9 மணிக்குப் போன் அடித்தது. அக்கா! பதறிப்போய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்லலே. பட்டன் வேலை செய்யுதான்னு பாத்தேன். சாப்பிட்டியா?"

அன்றிலிருந்து தினமும் 9 மணிக்குப் பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்கிறாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூப்பிடுவதில்லை என்று வருத்தப்படும் முன், அவர்கள் விரலை ஒரு தடவை திரையில் வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்