முக்கொம்பில் நின்று பார்த்தால்

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் போனால் முக்கொம்பு. காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டத் தொடங்கிய மேலணையில் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 இரவு உடைந்து போயின. அதற்கு முந்தைய ஆண்டு வரை தண்ணீருக்குத் தவித்த ஆறு அது! இப்போது பக்கத்திலேயே புதுக் கதவணை நிற்கிறது.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. 2023-ல் தேதி தவறாமல் திறந்தார்கள்; நம்பிக் குறுவை போட்டவர்களில் பலர் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் அல்லாடினார்கள். ‘இதையெல்லாம் கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லாதா?’ என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் கேட்பது நியாயம்தான்.

பருவநிலை மாதிரி என்பது காற்றையும் கடலையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, வெப்பம், காற்று, ஈரம் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுவது. முதலில் பழைய காலத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். 1850-லிருந்து ஓடவிட்டு, அளந்து வைத்த வெப்பத்தோடும் மழையோடும் ஒத்து வருகிறதா என்று சோதிக்கிறார்கள். கரிவாயுவை மட்டும் கூட்டினால் தென்மேற்குப் பருவமழை கூடியிருக்க வேண்டும் என்கிறது கணக்கு. ஆனால் 1951 முதல் 2015 வரை அது சுமார் 6 சதவீதம் குறைந்தது. கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குறைவு அதிகம். புகை, தூசு போன்ற மாசுத் துகள்களையும் சேர்த்துப் போட்டபோதுதான் கணக்கு நிஜத்துக்குப் பக்கத்தில் வந்தது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் தயாரித்து 2020-ல் வந்த மத்திய அரசின் அறிக்கை இதைச் சொல்கிறது. குடகு மலை நம் காவிரியின் தாய்வீடு. அங்கே குறைந்தால் இங்கே தெரியும்.

இனி வரும் காலத்துக்கு அதே அறிக்கை, சராசரி மழை கூடும், ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கமும் கூடும், கனமழையும் அதிகரிக்கும் என்கிறது. 2018-ஐப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பல மாதிரிகளில் ஒரு கட்டம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். திருச்சியும் ஸ்ரீரங்கமும் தஞ்சாவூரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதனிடம் போய் இந்த வருஷக் குறுவையைக் கேட்கக் கூடாது. அதற்கு மேட்டூர் நீர்மட்டத்தையும், குடகு, வயநாடு மழையையும், வானிலைத் துறையின் பருவ முன்னறிவிப்பையும் பாருங்கள். வாய்க்காலை எவ்வளவு தூர்வாருவது, ஏரிக்கரையை எவ்வளவு உயர்த்துவது, மதகை எத்தனை வெள்ளத்துக்குக் கட்டுவது என்ற கேள்விகளைத்தான் மாதிரியிடம் கேட்க வேண்டும்.