ஒட்டுத் தெரியாத ஒலி

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் வானம் பார்த்த பூமியாகும். மழை பொய்த்தால் அந்நிலம் பாளம் பாளமாய் வெடிக்கும். மழை பெய்தால் மண் நீரை உண்டு விம்மி, வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்ளும். மூடியபின், வெடிப்பு இருந்த இடம் இஃது என்று உழவனாலும் சுட்டிக்காட்டல் அரிது. துண்டான ஒலிகளை இணைப்போர் கற்கவேண்டிய முதற்பாடத்தை அம்மண்ணே கற்பிக்கின்றது.

இந்நிலத்தின் செல்வம் பருத்தியும் கம்பும் சோளமும் மட்டுமல்ல. தாலாட்டும் ஒப்பாரியும் உழவுப்பாட்டும் கதைகளும் அதன் செல்வங்களே. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி ஆக்கிய அகராதி 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாட்டுப்புறக் கதைகளையும் அவர் அரிதின் முயன்று தொகுத்தார். சொல்லை ஏடு காக்கும். சொல்லியவர் குரலை ஏடு காவாது. குரலைக் காப்பது ஒலிப்பதிவே.

மூதாட்டி ஒருத்தி தாலாட்டுப் பாடுகின்றாள் என்க. நடுவே அவளுக்கு இருமல் வரும்; தெருவிலே பேருந்து இரையும்; மறந்த அடியை நினைந்து மீண்டும் தொடங்குவாள். ஆதலின், வேண்டாதன நீக்கி வேண்டுவன இணைத்தல் இன்றியமையாததாகின்றது.

திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கிய 1963ஆம் ஆண்டில், ஒலிப்பதிவுக்குக் காந்த நாடாவே பெரிதும் பயன்பட்டது. நாடாவை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி ஒட்டுவது வழக்கம். கால் அங்குல அகலமுள்ள நாடாவை 45 பாகைச் சாய்வில் வெட்டி, விநாடிக்கு 7.5 அங்குல வேகத்தில் ஓட்டினால், ஓர் ஒலி மறைந்து மற்றோர் ஒலி எழும் மாற்றம் விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரம் நிகழும். அச்சிறு பொழுதே செவியை உறுத்தாமற் காத்தது.

இன்று அப்பணியைக் கணிப்பொறி செய்கின்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கின்றது. அதன் திரையில் ஒலி அலைவடிவாய்த் தோன்றும். அலை உயர்ந்து நிற்கும் இடத்தில் வெட்டினால், இணைப்பிலே ‘டக்’ என்னும் ஓசை பிறக்கும். நடுக்கோட்டை அலை கடக்கும் இடத்தில் வெட்டின், அவ்வோசை பெரும்பாலும் எழாது.

பஞ்சாலையிலே இழை அறுந்தால், இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்து முறுக்குவர். ஒலியையும் அவ்வாறே படியச் செய்யலாம். இதனைக் கிராஸ்ஃபேடு என்பர். முன்னது மெல்லத் தணிய, பின்னது மெல்ல எழும். ஒரே ஒலியின் தொடர்ச்சியாயின், நடுவில் இரண்டும் பாதியளவில் நிற்றல் போதும். பாதியும் பாதியும் கூடி முழுமையாகும். வெவ்வேறு ஒலிகளாயின் பாதியளவு போதாது. நடுவில் ஓசை தாழ்ந்து பள்ளம் தோன்றும். அப்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 அளவில் நிற்றல் வேண்டும். ஒலியின் ஆற்றல் அளவின் இருமடிக்கு ஒத்து அமைவதே இதற்குக் காரணம்: 0.7இன் இருமடி 0.49, அதனை இருமுறை கூட்டின் ஏறத்தாழ ஒன்றாகும்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இந்நெறி புதியதன்று. ‘மணி’ என்னும் நிலைமொழியும் ‘ஓசை’ என்னும் வருமொழியும் சேருமிடத்து, யகர உடம்படுமெய் தோன்றி ‘மணியோசை’ ஆகின்றது. ஒலிப்பதிவிலும் இத்தகைய உடம்படுமெய் ஒன்று உண்டு. அதுவே இடத்தின் அமைதி. ஒருவரும் பேசாதபோதும் காற்றின் இரைச்சலும் பனையோலைச் சலசலப்பும் ஒலித்துக்கொண்டே இருக்கும். பாடல் முடிந்ததும் கருவியை நிறுத்தாது, அவ்வமைதியையும் அரை நிமிடம் பதிந்துகொள்வோர் அறிவுடையோர். துண்டுகளுக்கு இடையே அதனைப் பரப்பினால் ஒட்டுத் தெரியாது.

ஆயினும், ஒட்டுத் தெரியாமை கைத்திறனே. பொருள் திரியாமையே அறம். ‘எங்கள் கிணறு வற்றியதே இல்லை, அந்த ஒரு கோடையைத் தவிர’ என்று முதியவர் கூறினார் எனக் கொள்வோம். பிற்பகுதியை நீக்கிவிட்டால், கேட்போர் எவரும் ஐயுறார்; ஆனால், அம்முதியவர் கூறாத பொய்யொன்று அவர் குரலாலேயே உலவத் தொடங்கும். ஒப்பாரியின் இடையெழும் விம்மலைப் பிழையென்று நீக்கினால், சொல் எஞ்சும், துயரம் எஞ்சாது. ஒட்டு எத்துணை நுட்பமாக அமைகின்றதோ, அத்துணைப் பெரிதாகின்றது ஒட்டியவரின் பொறுப்பு.

ஆதலின், மூலப்பதிவை வெட்டாமல் தனியே காத்தல் வேண்டும். படியிலேயே வெட்டும் ஒட்டும் நிகழ்தல் வேண்டும். பாடியவர் மறைந்த பின்னும், அவர் பாடியது இதுவே என்று சான்று பகர அந்த மூலம் நிலைத்திருக்கும்.