ஒரே வாய்க்காலில் நீர் எடுப்போர்

நாங்கள் மூவராகச் சேர்ந்து ஆங்கிலச் சிறுகதைகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டு ஒரு சொல்லில் முறிந்தது. இப்போது நாங்கள் இருவர் மட்டுமே. மூன்றாமவர் எங்களினும் மூத்தவர். அண்ணாச்சி என்றே அழைப்போம். தாமிரவருணிப் பாசனத்து ஊர்க்காரர். முறிவுக்குக் காரணமான சொல் 'ரைவல்'.

கதை எளியதுதான். முதியவர்கள் இருவர் நெடுங்காலமாக மாலைதோறும் சதுரங்கம் ஆடுகிறார்கள். ஒருவரை ஒருவர் தோற்கடிப்பது தவிர அவர்களுக்கிடையே வேறு பேச்சில்லை. ஒருநாள் ஒருவர் இறந்துபோகிறார். என் 'ரைவல்' போய்விட்டான் என்று மற்றவர் அழுகிறார். நாங்கள் அதனை 'எதிரி' என்று எழுதினோம். அண்ணாச்சி ஒப்பவில்லை. "எங்க ஊர்ல வாய்க்கால் தண்ணிக்கு மம்பட்டியோட சண்டைக்கு வந்தவந்தான் துட்டி வீட்டுக்கு மொத ஆளா வந்து நிப்பான். அவன் எதிரியா வே?" என்று கேட்டார். அப்படியாயின் வேறு சொல் தாருங்கள் என்றோம். அவரிடம் உடனடியாக ஒரு சொல் இல்லை. ஒருபக்கம் இருவர் இருந்தமையால் எங்கள் சொல்லே அச்சேறியது. வாதத்தின் சூட்டில் நாங்கள் உதிர்த்த வேறு சில சொற்களும் உண்டு. அவற்றை இங்கே எழுதக் கூசுகிறது. அதன் பின் அண்ணாச்சி வருவதை நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கதைகள் இப்போது நூலாகத் தொகுக்கப்படுகின்றன. மெய்ப்புத் திருத்த அமர்ந்தபோது அந்தப் பக்கத்தைத் தாண்ட இயலாமல் அகராதிகளை மீண்டும் புரட்டினோம். மோதுவோரையும் வாதிடுவோரையும் போட்டியிடுவோரையும் குறிக்க ஆங்கிலம் பல சொற்களை வைத்திருக்கிறது. அவற்றை நாங்கள் ஒரே மூட்டையாகக் கட்டி 'எதிரி' என்று சீட்டு ஒட்டியிருந்தோம். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு.

'என்மி' என்பது லத்தீனில் நண்பனைக் குறிக்கும் சொல்லின்மீது எதிர்மறை ஏறிப் பிறந்தது, நண்பன் அல்லாதவன். 'அட்வெர்சரி' நம்மை நோக்கித் திரும்பி நிற்பவன். 'ஆன்டகனிஸ்ட்' என்பதன் வேர் போட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'அகோன்'. கதைத்தலைவனைச் சுட்டும் 'புரோட்டகனிஸ்ட்', வேதனையைச் சுட்டும் 'ஆகனி' இரண்டுக்கும் அதுவே வேர். 'காம்பீட்' என்பதன் லத்தீன் மூலத்தைப் பிரித்தால் 'சேர்ந்து நாடுதல்' என்று வருகிறது. சேராமல் போட்டியில்லை போலும்.

'ரைவல்' என்பதற்கு வந்தபோது நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலிலிருந்து நீர் எடுப்பவர்கள் 'ரீவாலிஸ்'. ஜஸ்டினியன் பேரரசன் காலத்தில், கி.பி. 533இல் வெளியான ரோமானியச் சட்டத் திரட்டிலேயே, ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் 'ரீவாலிஸ்'களுக்குள் எழும் தகராறு பேசப்படுகிறது. லத்தீன் அறியாத அண்ணாச்சி மண்வெட்டியோடு சொன்னது அதைத்தான்.

ஷேக்ஸ்பியர் காலம் வரையிலும்கூட இச்சொல்லில் பழைய ஈரம் இருந்திருக்கிறது. ஹேம்லட் நாடகத்தின் முதற்காட்சியில், இரவுக் காவலுக்கு வரும் ஒருவன் தன்னோடு காவல் காக்க வேண்டியவர்களை 'ரைவல்' என்றே குறிப்பிடுகிறான். அங்கே பொருள் கூட்டாளி. 1603இல் வந்த முதற்பதிப்பில் அவ்விடத்தில் 'பார்ட்னர்' என்றே இருக்கிறது. அடுத்து வந்த பதிப்பில் 'ரைவல்' நிற்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார முடிந்திருக்கிறது.

சொல் மாறினாலும் அந்த எண்ணத்தை ஆங்கிலேயர் தம் அவைகளில் காத்துவந்தார்கள். 1826இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜான் கேம் ஹாப்ஹவுஸ், அரசை எதிர்த்து அமர்ந்திருந்தோரை 'மாட்சிமை தங்கிய மன்னரின் எதிரணி' என்றார். வேடிக்கையாகச் சொன்னது நிலைத்துவிட்டது. எதிர்ப்பவர்களும் அதே மன்னருக்கு உரியவர்கள் என்பது அதன் உட்பொருள். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரைக் 'கற்றறிந்த நண்பர்' என விளிக்கும் மரபும் அவர்களுடையது. அது நம் நீதிமன்றங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் மூவர் அவையில் மட்டும் அப்படி ஒரு விளி இல்லாமற் போயிற்று.

இனித் தமிழில் என்ன செய்வது? 'போட்டியாளர்' பொருந்தும், ஆயின் அதற்காக எவரும் அழமாட்டார். 'எதிராளி' நல்ல சொல்; ஆட்டப்பலகைக்கு அப்பால் அது செல்வதில்லை. இறுதியில் 'பங்காளி' என்ற சொல்லில் வந்து நின்றோம். பங்கு உடையவன் என்பதே அதன் பொருள். ஒரே சொத்துக்கு உரியவன் என்பதாலேயே வரப்புக்கும் கிணற்றுக்கும் வழக்காடுகிறவன். பங்காளிச் சண்டை என்பது ஊரறிந்த தொடர். அதே சொல்லை இன்றைய இளைஞர்கள் தோழனின் தோளில் கைபோட்டு அழைக்கவும் பயன்படுத்துகிறார்கள். நீரைப் பகிர்ந்தவன் அங்கே. நிலத்தைப் பகிர்ந்தவன் இங்கே. பகிர்வதற்கு ஒன்றும் இல்லாதவர்களிடையே இந்த வகைச் சண்டை மூள்வதில்லை.

நாங்களும் அண்ணாச்சியும் பகிர்ந்துகொண்டது ஒரு மொழியை. அவர் எங்களுக்கு எதிரியாக ஒருநாளும் இருந்ததில்லை. பதினொரு ஆண்டுகளாக எதை எழுதினாலும், இதற்கு அவர் என்ன சொல்வார் என்று எண்ணிக்கொண்டுதான் எழுதி வந்திருக்கிறோம்.

அந்த மெய்ப்புப் பக்கத்தில் 'எதிரி'யை அடித்துப் 'பங்காளி' என்று எழுதி, கீழே எங்கள் வருத்தத்தையும் நாலு வரியில் எழுதி, அண்ணாச்சிக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம். அவர் இதனையும் ஏற்கமாட்டார் என்று நினைக்கிறோம். சதுரங்கம் ஆடிய இருவருக்கும் இரத்த உறவு இல்லையே, எப்படிப் பங்காளியாவான் என்று கேட்பார். கேட்கட்டும். அச்சகத்தாரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறோம்.