காலை எட்டரை மணி

செய்தித்தாளில் வானிலைப் பகுதியைப் பிரித்தால் முன்னறிவிப்பை நான் பிறகுதான் படிப்பேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில், நேற்று எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு பட்டியல் இருக்கும். கண் முதலில் அங்கேதான் போகும். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் சின்னக்கல்லாறு, தேவாலா, சோலையாறு. ஐப்பசி பிறந்ததும் பட்டியல் மலையை விட்டுக் கடற்கரைக்கு இறங்கிவிடும்: கடலூர், நாகப்பட்டினம், வேதாரண்யம். எந்தப் பக்கத்துக் காற்று வீசுகிறது என்று ஊர்ப் பெயர்களே சொல்லிவிடும்.

பட்டியலின் தலையில் எப்போதும் ஒரு குறிப்பு உண்டு: காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில். அதென்ன எட்டரைக் கணக்கு? நமக்கு எட்டரை என்றால் உலகப் பொதுநேரப்படி அதிகாலை 3 மணி. எல்லா நாட்டு வானிலை நிலையங்களும் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேளைகளில் அதுவும் ஒன்று. அதனால் மழையின் நாள் காலண்டர் நாளாக இருப்பதில்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் கொட்டத் தொடங்கிய 49 செ.மீ. மழை, 2-ஆம் தேதிக் கணக்கில் இருக்கிறது.

எங்கள் ஊர் தாலுகா ஆபீஸ் வளாகத்தில், மரங்களுக்கு எட்டத்தில், கம்பிவேலிக்குள் ஒரு மழைமானி நின்றது. நான் பள்ளிக்கூடம் போகும் வழி. எட்டரைக்கு ஒரு பெரியவர் சாவியோடு வருவார். புனலைத் திருகி எடுத்து, உள்ளிருக்கும் பாட்டிலைத் தூக்கி, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றுவார். குவளையைத் திண்ணையில் வைத்துவிட்டு, தண்ணீர் மட்டத்துக்குக் கண் நேராக வரும்வரை குனிவார். கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் லேசாக மேலேறி, நடுவில் குழிந்திருக்கும். "ஓரத்தைப் பாக்காத தம்பி, குழிஞ்ச எடத்தப் பாரு" என்பார். அந்தக் குழிவின் அடி எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் மழை.

சித்திரை வெயிலிலும் வருவார். ஒரு சொட்டு விழவில்லை என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் பூட்டைத் திறந்து, பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்து, அதன் பிறகே நோட்டில் சைபர் போடுவார். பாட்டிலைத் திறக்காமல் போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "பாக்காமப் போட்டா பொய்க்கணக்கு தம்பி" என்றார், கோபமில்லாமல்.

பிற்பாடு அர்த்தசாஸ்திரம் படித்தபோது அவர் நினைவு வந்தது. பண்டகசாலையின் முன்னால் ஒரு முழ வாயகலமுள்ள பாத்திரத்தை மழை அளக்க வைக்கவேண்டும் என்கிறது அது. தானியத்துக்குப் பொறுப்பானவன்தான் மழைக்கும் கணக்கு வைக்கவேண்டும். வறண்ட நிலத்துக்கு 16 துரோணம், நீர்வளமுள்ள நிலத்துக்கு 24 என்று அளவும் உண்டு. என்னை நிறுத்திவைத்தது இன்னொரு விதி: பருவத்தின் முதல் மாதத்திலும் கடைசி மாதத்திலுமாக மூன்றில் ஒரு பங்கு, நடு மாதங்களில் மீதி இரண்டு பங்கு பெய்தால் அது நல்ல மழை. எவ்வளவு என்பதோடு விடாமல், எப்போது என்றும் கேட்டிருக்கிறார்கள். தை மாதம் அறுப்பு வேளையில் பெய்து கதிர் சாய்ந்தால், அந்த மழையை எந்தத் தஞ்சாவூர் விவசாயியும் லாபத்தில் சேர்க்கமாட்டார்.

எங்கே பெய்யும் என்று முன்கூட்டிச் சொல்வது அதைவிடக் கடினம். ஆடி மாதச் சாயங்காலத்தில் சென்னைக்கு மேற்கே மின்னும். பகல் வெயிலில் உள்நாட்டுக் காற்று சூடேறி எழும். கடற்காற்று ஈரத்தோடு உள்ளே நுழையும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேகம் கட்டும். உயரத்தில் வீசும் மேல்காற்று அதைக் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். வழியிலேயே வலுவிழந்தால் நமக்கு மின்னல் மட்டும்தான் மிச்சம். ஓர் இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான் என்பதால், நுங்கம்பாக்கம் நனைந்த இரவில் மீனம்பாக்கம் காய்ந்து கிடக்கலாம். அறிவிப்பு பொய்த்துவிட்டது என்று நம் தெருவை மட்டும் பார்த்துச் சொல்வது நியாயமில்லை. அளந்து பார்த்தால்தான் தீர்ப்பு.

2023 டிசம்பர் 18 காலை எட்டரைக் கணக்கில் காயல்பட்டினத்துக்கு எதிரே 95 செ.மீ. என்று இருந்தது. அந்தப் பக்கம் ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் சராசரியாக அவ்வளவு வராது. அங்கே ஒரு மானி இருந்ததால் தெரிந்தது. மானி இல்லாத பக்கத்துக் கிராமங்களில் எவ்வளவு கொட்டியது என்பதை வெள்ளம் வடிந்த சுவர்களை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும்.

இப்போது தானியங்கி மழைமானிகள் வந்துகொண்டிருக்கின்றன. புனலுக்குக் கீழே சீசா பலகை போல இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்று நிறைந்ததும் கவிழும், மற்றது மேலே வரும். எத்தனை தடவை கவிழ்ந்தது என்ற எண்ணிக்கையே மழை அளவு. ஆள் போக முடியாத மலைச்சரிவிலிருந்தும் நள்ளிரவில்கூடத் தகவல் வருகிறது. எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் ஒரு காய்ந்த இலை புனலை அடைத்துக்கொண்டால், வெளியே அடைமழை கொட்டும்போதும் கருவி சைபர்தான் அனுப்பும். அந்தப் புனலைத் தவறாமல் துடைக்க ஊருக்கு ஒருவரை நியமித்து, அவருக்கு ஒழுங்காகச் சம்பளமும் கொடுக்கவேண்டும்.