அக்காளின் கோபம்

ஊருக்குப் புத்தி சொல்லும் தோட்டப் பள்ளி ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. போன விடுமுறையில் செராஸில், என் தங்கை வீட்டில், எனக்கே பாடம் கிடைத்தது.

தங்கை மகள் மூன்றாம் படிவம் படிக்கிறாள். அவள் தம்பிக்கு ஒன்பது வயது, டவுன் சிண்ட்ரோம். இருபத்தோராவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே காரணமென்று 1959ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நம் சனங்களோ இன்னும் பெற்றவளின் பாவ புண்ணியத்தைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள்!

புதன்கிழமை இரவு தாமான் கொனாட் பசார் மாலாமுக்குப் போனோம். கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்? பையன் அக்காள் கையை இறுகப் பிடித்திருந்தான். எதிரே வகுப்புத் தோழிகள் வந்ததும் அவள் கையை உதறிவிட்டாள். "யார் இந்தப் பையன்?" என்றார்கள்.

"பெரியம்மாவோட வந்தவன்."

அவனோ தான் கடித்த அப்பம் பாலிக்கை அவளிடமே நீட்டி, "அக்கா, சாப்பிடு" என்றான்.

அன்றிரவு கண்டிப்பதற்காகவே அவளருகில் உட்கார்ந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அம்மா அப்பாவுக்குப் பிறகு இவனை நான்தானே பார்க்கணும், பெரியம்மா? எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க. என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இப்படியொரு பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கையில் வண்ணப் பென்சிலைக் கொடுத்துவிட்டு மறந்துபோனவள் நான். எந்த வாயால் இவளைக் கண்டிப்பது?

தங்கையும் மாப்பிள்ளையும் குறை வைக்கவில்லை. சமூக நலத்துறையில் பதிந்து ஓ.கே.யு. அட்டை, சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாம் பார்த்துச் செய்திருக்கிறார்கள். மகளிடம் மட்டும் பேசியதில்லை. மறுநாள் பேசினோம், வெகுநேரம். அவள் கோபம் முழுதும் தீர்ந்ததென்று சொல்லமாட்டேன்.

நான் புறப்பட்ட காலை எம்.ஆர்.டி. நிலையம்வரை வழியனுப்ப இருவரும் கிளம்பினார்கள். அவனுக்குச் சப்பாத்துக் கயிறு கட்ட வரவில்லை. நான் குனிந்தேன், அவள் தடுத்துவிட்டாள்.

"நீயே கட்டுடா. அக்கா நிக்கிறேன்."

இரண்டு ரயிலாவது போயிருக்கும். காத்திருந்தோம்.