ஏலக் கணக்கு எழுதிய அண்ணன்

சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, தேரிக்காட்டை ஒட்டி எங்கள் ஊர். ஸ்தோத்திரப் பண்டிகை வந்தால் சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு ஆராதனை எப்போது முடியும் என்றே இருக்கும். முடிந்ததும் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் காணிக்கைப் பொருள்களைக் கொண்டுவந்து பரப்புவார்கள். கருப்பட்டி, வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, பூசணிக்காய், கால் கட்டிய சேவல், யாரோ ஒரு ஆச்சி முந்தானையில் பொத்திக் கொண்டுவந்த நாலு நாட்டுக்கோழி முட்டை. ஒரு முட்டையை ஐம்பது ரூபாய்க்குக் கேட்டு எடுத்தவரே அதைத் திரும்பக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று உபதேசியார் இழுக்கிற இழுப்பில் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஏலக் கணக்கு எழுதுவது எப்போதும் ஊர்ப் பெரியவர்களின் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் அக்கம்பக்கத்து ஊர்ச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்துக்குப் புதிதாக வந்த ஐயர் (எங்கள் பக்கத்தில் குருவானவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த நோட்டை எடுத்து என் பெரியப்பா மகன் கையில் கொடுத்தார். அண்ணன் அப்போது பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தான். வாலிபர் சங்கத்தில் பாட்டுப் பாடுவான், அசன விருந்துக்குப் பந்தல் கட்டுவான், பந்தியில் வாளி தூக்குவான். நோட்டும் பேனாவும் அவன் கைக்கு வந்ததை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

“என்னய்யா, சின்னப் பயகிட்ட போயி கோயில் பணத்தக் கொடுக்கீய?” என்று ஒரு தாத்தா எழுந்தே விட்டார்.

“அவன் எழுதட்டும். தப்பு வந்தா எங்கிட்ட கேளுங்க” என்றார் ஐயர். அதற்குமேல் பேசவில்லை.

அன்று ராத்திரி கோயில் உடைமாற்றும் அறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் அண்ணன் ரூபாயை எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன என்னை யாரும் திருப்பி அனுப்பவில்லை. நான் ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கணக்கில் 27 ரூபாய் குறைந்தது. கூட்டிப் பார்த்தான், மறுபடி கூட்டிப் பார்த்தான். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஐயர் நோட்டைத் தன் பக்கம் இழுக்கவே இல்லை. தன் பையிலிருந்து எடுத்து நேர் செய்துவிடவும் இல்லை. “முதல்ல இருந்து வாசி தம்பி, ஒவ்வொரு பொருளா” என்றார். அண்ணன் வாசிக்க வாசிக்க, அந்தந்தப் பொருளை எடுத்தவர் யார், கையில் கொடுத்தாரா, பிறகு தருகிறேன் என்றாரா என்று நினைவுபடுத்திக்கொண்டே வந்தார்கள். வாழைத்தாரில் வந்து நின்றது. எடுத்தவர் சந்தைக்குப் போய்வந்து தருவதாகச் சொல்லியிருந்தார். “அத எழுது” என்றார் ஐயர். “நிலுவைன்னு எழுதி, அவர் பேரையும் எழுது.”

அடுத்த ஞாயிறு கோயில் கதவில் வரவு செலவு முழுவதையும் அண்ணன் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினான். அதுவரை எங்கள் ஊரில் பண்டிகைக் கணக்கைக் கூட்டத்தில் மொத்தத் தொகையாகச் சொல்வதுதான் வழக்கம். ஆராதனை முடிந்து பொம்பிளைகள்கூட நின்று வாசித்தார்கள். எழுந்து கேட்ட தாத்தாவும் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, விரலை ஓட்டி ஓட்டி வாசித்தார். மறுவருஷம் நோட்டு யாரிடம் என்ற பேச்சே எழவில்லை.

அதே ஐயர்தான் பக்கத்து வீட்டு அக்காவை வேத பாடம் வாசிக்க வைத்தவர். திடப்படுத்தல் எடுத்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும் அக்காவுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் காலிக் கோயிலில் அவளை வேதபீடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, ஐயர் கடைசி வரிசைப் பாயில் போய் உட்கார்ந்துகொள்வார். அவள் வாசிப்பாள். “கேக்கல” என்பார். மறுபடி வாசிப்பாள். “இப்பவும் கேக்கல.” அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டும். ஐயர் சலிக்கவே மாட்டார். கடைசிப் பாய் வரைக்கும் குரல் வந்து சேர்ந்த பிறகுதான் எழுந்து போவார். மறுநாள் அக்கா வாசித்தபோது ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டிலும் சத்தமில்லை. 2013-இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக அபிஷேகம் பெற்ற செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சனிக்கிழமைகள்தான்.

திடப்படுத்தல் வகுப்பில் அசரியா ஐயரைப் பற்றி எங்கள் ஐயர் சொல்லாத வாரமில்லை. அவர் ஊரான வெள்ளாளன்விளை எங்களுக்குச் சைக்கிளில் போய்வருகிற தூரம். அந்த ஊர்க் குருவானவர் தாமஸ் வேதநாயகம் வீட்டில் 1874-இல் பிறந்த பிள்ளை, இருபதை ஒட்டிய வயதிலேயே ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகித் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்னால் நின்றபோது முப்பது வயது முடியவில்லை. வெள்ளைக்காரர் பணத்தையும் ஆளையும் எதிர்பார்க்காமல், நம்மூர்க் காணிக்கையில் நம்மூர் ஆளை அனுப்பிய சங்கம் அது. நிஜாம் சீமையில் தோர்ணக்கல்லுக்கு ஆள் போனது அந்தப் பணத்தில்தான். 1912-இல் 38 வயதில் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். “அவர் வயசு அறுபதாகட்டும்னு அன்னைக்கு யாராவது காத்திருந்தா?” என்று கேட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார் ஐயர். எங்களில் யாரைப் பார்த்துக் கேட்கிறார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அந்த அண்ணன் பிற்பாடு வங்கி வேலைக்குப் போய், மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் சபைப் பொருளாளராக இருந்தான். அக்கா ஓய்வுநாள் பள்ளியை எடுத்து நடத்தினாள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் எனக்கு முதல் வகுப்பை ஒப்படைத்தது அவள்தான்.

இன்று ஊருக்குப் போனால் கோயில் பெரிதாகியிருக்கிறது, பாய்க்குப் பதில் பெஞ்சு வந்துவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அசனத்துக்கு ஓடி வருகிறார்கள். கீபோர்டு வாசிப்பதும், திரையில் பாட்டு ஓடவிடுவதும், ஆராதனையை யூடியூபில் போடுவதும் அவர்கள்தான். சேகரக் கமிட்டி கூடும்போது மட்டும் அந்த அறையில் நரைத்த தலைகளையே பார்க்கிறேன். தேர்தல் என்றால் இரண்டு அணி, நோட்டீஸ், மனக்கசப்பு. படித்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள். “வாலிபருக்கு ஆர்வம் இல்ல” என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எரேமியா தன்னைச் சிறுபிள்ளை என்று சொல்லிப் பின்வாங்கினார்; நம் பிள்ளைகள் அப்படியும் சொல்லவில்லை. நாம்தான் அவர்களைச் சிறுபிள்ளை என்கிறோம். வருஷத்துக்கு ஒரு வாலிபர் ஞாயிறு வைத்து, அன்றைக்கு மட்டும் பிரசங்க பீடத்தில் ஏற்றிவிட்டால் அது கடமைக்குச் செய்வது. முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும், பணத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு வேண்டும், தப்பு வரும் ராத்திரியில் எதிரே உட்கார்ந்திருக்க ஒரு பெரியவர் வேண்டும்.

சேகரக் கமிட்டியில் இருக்கும் பெரியவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பெயர்கள் எழுதும்போது படிப்பு முடித்து வந்திருக்கும் ஒரு பையன் பெயரையும் ஒரு பெண்பிள்ளை பெயரையும் முதலில் எழுதுங்கள். கூட்டத்தையும் வார நாள் காலையில் வைக்காமல், ஞாயிறு மாலை அவர்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள்.