சிவிங்கியும் ஆறாவது வண்டியும்

முதலில் ஒரு பெயர்ப் பஞ்சாயத்து. நான் மசாய் மாராவில் எடுத்த படத்தைப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் "சிறுத்தை சூப்பர்டா" என்றார்கள். அது சிறுத்தை இல்லை மக்களே. சிறுத்தை நம்ம வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குள் வருவது. மரம் ஏறும், உடம்பில் வளையம் வளையமாகப் புள்ளி இருக்கும். இது சீட்டா. தமிழில் சிவிங்கி, அல்லது சிவிங்கிப்புலி. தனித்தனிப் புள்ளி, ஒல்லி உடம்பு, கண்ணிலிருந்து வாய் வரை அழுது காய்ந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. இந்தியாவில் அற்றுப் போய்விட்டது என்று 1952-இல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டபோதுதான் நம்ம பேப்பர்களுக்கே இந்தப் பெயர் ஞாபகம் வந்தது.

சரி, படத்தின் கதைக்கு வருவோம். பெருமைப்படுகிற மாதிரியான கதை இல்லை.

சித்தப்பா நைரோபியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். 2025 ஜூனில் செமஸ்டர் லீவுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். மாரா போவது என்றால் ஜூலைக்கு முன்னால் போய்விட வேண்டும் என்பதில் மனிதர் உறுதியாக இருந்தார். காரணம் சிம்பிள். வெளிநாட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை ஒன்றிலிருந்து 200. செரங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கில் காட்டுமான்கள் ஆற்றைத் தாண்டி வருகிற சீசன் அப்போதுதான் தொடங்குகிறது. "சீசன் இல்லன்னா சிங்கம் என்ன சின்னதாவா தெரியப் போகுது?" என்றார். கணக்குப் பிள்ளையிடம் யார் வாதாடுவது!

கேமரா என்னுடையது, பழைய கேனான். 70-300 லென்ஸ் சீனியர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கியது (கீறல் விழுந்தால் என் தலை போகும் என்று எழுதி வாங்காத குறை). வண்டியில் டிரைபாட் வைக்க இடம் இருக்காது, கூரையைத் தூக்கிவிட்டு நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும், அதற்கு மணல் மூட்டை மாதிரி ஏதாவது இருந்தால் லென்ஸ் ஆடாது என்று படித்திருந்தேன். என் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, இரண்டு முனையையும் தைத்து, உள்ளே மூன்று கிலோ அரிசியைக் கொட்டினேன். "திரும்பி வந்ததும் இதே அரிசியிலதான் உனக்குச் சோறு" என்று சித்தி சொல்லிவிட்டார்.

நைரோபியிலிருந்து பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கி, நாரோக் ஊரைத் தாண்டி, செக்கனானி வாசல் வழியாக உள்ளே போனோம். முதல் நாள் கதை வேண்டாம். யானை, வரிக்குதிரை, தூங்குகிற சிங்கம், மறுபடியும் தூங்குகிற சிங்கம். நானூறு படம் எடுத்து முந்நூற்று எழுபதை அழித்தேன்.

இரண்டாம் நாள் காலை ஏழரை இருக்கும். டிரைவரின் ரேடியோவில் சுவாஹிலியில் சளசளவென்று பேச்சு. நடுவில் "டூமா" என்று ஒரு சொல். டூமா என்றால் சிவிங்கி. அவர் வண்டியைத் திருப்பினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு கறையான் புற்றின் மேல் தாய் நின்றிருந்தது. மழைக்காலம் முடிந்த சமயம் என்பதால் புல் இடுப்பளவு உயரம். அதற்கு மேலே எட்டிப் பார்க்கத்தான் புற்று. கீழே புல்லுக்குள் இரண்டு குட்டிகள், முதுகில் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டிய மாதிரி முடியோடு. ஐந்து வண்டிகள் ஏற்கெனவே நின்றிருந்தன. மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, இருபத்தைந்து மீட்டருக்குள் போகக் கூடாது, மற்றவர்கள் நூறு மீட்டர் தள்ளி முறைக்காகக் காத்திருக்க வேண்டும், பத்து நிமிடத்தில் இடம் விட வேண்டும். இதெல்லாம் விதி. எங்கள் டிரைவர் விதிப்படி தள்ளி நிறுத்தினார்.

பத்து நிமிடம் ஆனது. பதினைந்து ஆனது. ஒருத்தரும் நகரவில்லை. எனக்கு வ்யூஃபைண்டரில் சிவிங்கி கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. முன்னால் இருந்த வண்டியில் ஒருவர் தோசைக்கல் அளவு முகப்பு வைத்த லென்ஸில் டகடகவென்று சுட்டுக்கொண்டிருந்தார். வயிறு எரிந்தது.

"கொஞ்சம் பக்கத்துல போகலாமான்னு கேளுங்க சித்தப்பா."

சித்தப்பா கேட்டார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கியரைப் போட்டார். நாங்கள் ஆறாவது வண்டி. நாங்கள் நகர்ந்ததைப் பார்த்ததும் பின்னால் காத்திருந்தவர்களும் சேர்ந்து நகர்ந்தார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் எண்ணினேன், பதினான்கு.

அப்போதுதான் தாய் புற்றிலிருந்து இறங்கியது. தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் போனது. எதிரே தாம்சன் மான்கள் நாலைந்து மேய்ந்துகொண்டிருந்தன. சிவிங்கியின் ஓட்டம் எல்லாருக்கும் தெரியும், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடும். ஆனால் அந்த வேகம் சில நூறு மீட்டருக்குத்தான். அதற்குள் பிடிக்காவிட்டால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். அதனால் முடிந்தவரை பதுங்கி நெருங்கினால்தான் வேலை நடக்கும். எங்கள் டிரைவர் எனக்கு நல்ல கோணம் கிடைக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் ஓட்டினார். டீசல் எஞ்சின் ஒரு முறை உறுமியது. ஒரு மான் தலையைத் தூக்கியது. அவ்வளவுதான். எல்லாம் சிட்டாய்ப் பறந்துவிட்டன.

சிவிங்கி ஓடக்கூட இல்லை. நின்றது. திரும்பி நேராக எங்களைப் பார்த்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அரிசி மூட்டையில் லென்ஸை அழுத்தி, ஆயிரத்தில் ஒரு நொடி வேகத்தில் பன்னிரண்டு ஃபிரேம் எடுத்தேன். சந்தோஷத்தில் கை நடுங்கியது. பிறகு அது பறவை மாதிரி கீச்சென்று ஒரு குரல் கொடுத்தது, குட்டிகள் எழுந்து வந்தன. மூன்றும் வண்டிகளுக்கு நடுவில் சந்து தேடிப் போய்விட்டன. வயிறு நிரம்பிய சிவிங்கி மாதிரித் தெரியவில்லை, விலா எலும்பு தெரிந்தது. அதைக்கூட அப்புறம் லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கவனித்தேன்.

மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது டிரைவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், ரேஞ்சர் பார்த்திருந்தால் என்ன ஆகும் என்று. அபராதம் என்றார். நானா கட்டுவேன்? அவர்தான். அப்படியானால் முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்றேன். சிரித்தார். முடியாது என்று சொன்னால் டிப்ஸ் குறையும், சில பேர் ஊருக்குப் போய் "கிட்டவே கூட்டிப் போகவில்லை" என்று புகார் எழுதுவார்கள், அடுத்த மாதம் வண்டி வேறொருவனுக்குப் போகும் என்றார். வருகிறவர்கள் முதல் நாளே "எங்களுக்குக் கிட்டே போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் தனக்குப் பெரிய நிம்மதி, ஆனால் அப்படிச் சொல்பவர்கள் குறைவு என்றும் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஊருக்கு வந்தபிறகு தேடிப் படித்தேன். சிங்கமும் கழுதைப்புலியும் இரவில்தான் அதிகம் வேட்டையாடும். பிடித்த இரையை அவை பிடுங்கிக்கொள்ளும் என்பதால் சிவிங்கி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. பகல் நமக்கும் வெளிச்சம் நன்றாக இருக்கிற நேரம்! ஃபெம்கே புருக்ஹவுஸ் என்ற ஆய்வாளர் மாராவிலேயே சிவிங்கிகளைக் கவனித்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார். சுற்றுலா வண்டிகள் குறைவான பகுதிகளில் ஒரு தாய் ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகளை ஆளாக்குகிறது. வண்டிகள் அதிகமான இடத்தில் 0.2. இரண்டே கால் எங்கே, கால்கூட இல்லாதது எங்கே! வண்டிகள் நேராகக் குட்டிகளைக் கொல்கின்றன என்று அவர் சொல்லவில்லை. வேட்டை கெடுவது, தாய் இரையை விட்டு விலகுவது மாதிரியான காரணங்கள் இருக்கலாம் என்கிறார். நான் கண்ணால் பார்த்ததே அந்தக் காரணங்களில் ஒன்றைத்தான். கெடுத்ததும் நான்தான்.

இவ்வளவு படித்த பிறகும் அந்தப் படத்தைக் கல்லூரிப் போட்டிக்கு அனுப்பினேன். ஏன் என்று கேட்காதீர்கள், ஆசைதான். இரண்டாம் பரிசு. "அந்தக் கண்ணில் என்ன ஒரு கம்பீரம்" என்று நடுவர் மேடையில் சொன்னார். கம்பீரமா? எனக்குக் காது சுட்டது. மைக்கைப் பிடுங்கி உண்மையைச் சொல்லவா முடியும்? சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இப்போது டிபார்ட்மெண்ட் காலண்டருக்கு அந்தப் படத்தைக் கேட்கிறார்கள். தர மாட்டேன் என்று போன வாரம் சொல்லிவிட்டேன். கிளாஸில் சிலருக்குக் கோபம், பந்தா பண்றான் என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். வேண்டுமானால் வரிக்குதிரை ஒன்று தருகிறேன், தூரத்திலிருந்து எடுத்தது, கொஞ்சம் கலங்கல்.

அதே நேரத்தில் சித்தப்பா மொபைலில் ஒரு படம் எடுத்திருக்கிறார். நேற்றுத்தான் அனுப்பினார். கூரை திறந்த வண்டிகள் வட்டமாக நிற்கின்றன, எல்லாக் கூரையிலும் தலைகள். நடுவில் புல்லில் மஞ்சளாக ஒரு புள்ளி, அதுதான் சிவிங்கி. குட்டிகள் தெரியவில்லை. ஓரத்தில் என் முழங்கையும் அரிசி மூட்டையும் இருக்கின்றன.

பி.கு: சித்தி சொன்னபடியே செய்தார். எத்தனை தடவை களைந்தும் சோற்றில் மாரா புழுதி நறநறவென்றது. நானும் சித்தப்பாவும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டோம்.